கண்ணாடியில் மோதியவை

ஜனவரி 19

சின்னவளுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அன்றைக்கு நான் ஏன் ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் எழுந்துபோய் பஸ் ஏறினேன் என்று கேட்கப் போன் அடித்து அடித்து நீ அலுத்துவிட்டாய். எடுக்காமல் எடுக்காமல் நானும் அலுத்துவிட்டேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். எழுதினால் சொன்னது சொன்னபடி நிற்கும்.

நடந்தது இதுதான். நீ போட்டிருந்த நாற்காலியில், அந்தப் பெரிய ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அப்பாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை போர்வைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் இருந்தபோது, சமையலறையில் நீ எதையோ தொப்பென்று போட்டாய். அந்தச் சத்தத்தில் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார். என் முகத்துக்கு நேரே, காற்றில், சாய்வாக ஒரு கோடு. அதன் குறுக்கே இன்னொரு கோடு. நிதானமாக, அழுத்தமாக. தப்பான விடைக்கு நான் தினமும் போடுகிற அதே குறி.

பேச்சே போன பிறகும் என்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்று மிச்சமிருந்திருக்கிறது.

உனக்கு இது புதிதாக இருக்கலாம், எனக்கு இல்லை. விடுமுறை வந்தால் மற்ற பையன்கள் பந்தோடு போவார்கள், நான் அவர் பின்னால் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி மாட்டும் வேலைக்குப் போவேன். திங்கட்கிழமை வகுப்பில் விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். 'சுண்ணாம்பு' என்றே பெயர் வைத்தார்கள். எனக்குப் பட்டமளிப்பு நடந்த நாளில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அன்று ஒரு துணிக்கடைக்கு முகப்புக் கண்ணாடி மாட்டியே ஆகவேண்டுமாம். மாட்டிய பிறகு, ஓரத்தில் கீறல் என்று கடைக்காரன் வேண்டாம் என்றுவிட்டான். அதைத்தான் வண்டியில் ஏற்றி வந்து பின் அறைக்கு ஜன்னலாகப் போட்டார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாகவேண்டும்.

நீ வேலையை விட்டுவிட்டுப் பறவைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருக்கிறாய். அவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டு ஆஸ்பத்திரி வார்டுக்குத் திரும்பு. நான் இனி வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
இணைப் பேராசிரியர், இயற்பியல் துறை


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கைக்கு எழுதும் கடிதத்திலும் பதவியைப் போட்டுக் கையெழுத்திடுகிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். நானும் கீழே போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பயப்படாதே. கசப்பையெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்தேன். 'காப்பி, பஸ், இயற்பியல் துறை' என்று கொஞ்சம்தான் தேறியது. அதையே இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

நான் சமையலறையில் எதையும் போடவில்லை. நீ வந்திருக்கிறாயே, காப்பிக்குப் பால் இல்லையே என்று முக்குக் கடைக்கு ஓடியிருந்தேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. பாலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கோடு உனக்கு மட்டும் போட்டதில்லை. எனக்கும் போடுகிறார். டாக்டருக்கும் போட்டார். "என்ன சார், நான் எழுதின மாத்திரை எல்லாம் தப்புங்கறீங்களா?" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மட்டும் பயந்துபோய், "ஏன்டீ, உங்கப்பா எனக்கு சாபம் ஏதும் குடுக்கறாரா?" என்றாள். சாப்பாடு வேண்டாம் என்கிறாரோ, விளக்கை அணை என்கிறாரோ, எனக்கும் புரியவில்லை. மூளையில் அடி விழுந்தவர்களுக்குக் கை தானாக ஒரே அசைவைச் செய்யும், வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இருக்கலாம்.

பறவைகளைப் பற்றிக் குத்திக்காட்டினாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே இருந்தார். ஒருநாள் ஜன்னல் விளிம்பில் நான் கொட்டிய சோற்றைக் கொத்த ஒரு சிட்டு வந்தது. தலையைத் திருப்பினார். தானாகத் திருப்பினார், அண்ணா. அன்றிலிருந்துதான் விளிம்பில் தினை, உடைத்த அரிசி, பழத்தில் பாதி. பூந்தொட்டித் தட்டில் தண்ணீர், நடுவில் ஒரு கல். கல் இல்லாவிட்டால் சின்னதுகள் இறங்கப் பயப்படும். அவற்றின் பெயர் எனக்குத் தெரியாது, நானே வைத்துக்கொண்டேன். முதலில் வந்து எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டுப் போகிறவர் மேஸ்திரி. பாதி தின்று பாதி இறைத்துவிட்டு, தட்டுச் சரியில்லை என்று கத்துகிறவர் மாப்பிள்ளை. என் பழைய வீட்டுக்காரரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்தால் மட்டும் அப்பாவுக்குத் தொண்டையில் ஒரு சிரிப்புச் சத்தம் வருகிறது.

ஒரே குறை, சிலது கண்ணாடியில் முட்டிக்கொள்கின்றன. விளிம்பிலிருந்து கிளம்புவதால் லேசாகத்தான், உதறிக்கொண்டு போய்விடும். வெளியிலிருந்து நேராக வருகிற புறாவாக இருந்தால்தான் வீடே அதிரும். கண்ணாடி மங்கியிருப்பதால் தெரியவில்லையோ என்று காலையிலும் மாலையிலும் துடைக்கிறேன். துணியோடு போனாலே அப்பா கையைத் தூக்கிக் கோடு போடுகிறார். இன்னும் அழுத்தித் துடை என்கிறார் போலிருக்கிறது என்று பளபளவென்று ஆக்கி வைத்திருக்கிறேன்.

பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் அப்பா தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்கிறார். ஒருமுறை வா. பேசவேண்டாம். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போ.

அன்புடன்,
தங்கை,
முன்னாள் வார்டு நர்ஸ், இந்நாள் பறவைகளின் சமையல்காரி


பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

வர முடியாது. தேர்வுத் தாள்கள் மலையாகக் கிடக்கின்றன. என்னிடம் ஆய்வு செய்தவனைத் துறைத் தலைவராக்கி, அவன் அறைக்குப் போய் விடுப்புக் கேட்கும் நிலையில் என்னை வைத்திருக்கிறார்கள். அவன் எழுந்து நின்று "உட்காருங்க சார்" என்று சொல்வான். அதைவிட அவன் உட்கார்ந்தே பேசியிருக்கலாம்.

நீ நர்ஸாக இருந்தவள் என்பதை நம்புவது கடினமாக இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரின் மூக்குக்கு முன்னால் பறவை எச்சத்தைக் குவித்து வைத்திருக்கிறாய். காய்ந்து தூளாகி உள்ளே போனால் நுரையீரல் என்ன ஆகும்? தட்டையும் தண்ணீரையும் ஜன்னலிலிருந்து அகற்றி, தோட்டத்தின் கடைசியில் மதிலோரம் வை. மரக்கிளையில் உயரமாகத் தொங்கவிடு. அங்கிருந்தாலும் படுத்தபடியே தெரியும். இதையாவது நான் சொன்னபடி செய்.

கை தானாக அசைகிறது என்கிறாய். தானாக அசையும் கை அத்தனை நேராகக் கோடு போடாது. எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
இணைப் பேராசிரியர்


மார்ச் 6

அண்ணா,

நீ சொன்னபடியே செய்தேன். தட்டை மதிலோரத்துக்குக் கொண்டுபோனேன். பழத்தைக் கிளையில் உயரத்தில் தொங்கவிட்டேன். முன்பு விளிம்பில் தத்திக்கொண்டிருந்தவை, இப்போது அங்கிருந்து வேகம் எடுத்து நேரே கண்ணாடிக்கு வந்தன. நான் துடைத்து வைத்த கண்ணாடியில் மரமும் வானமும் அப்படியே தெரிந்தன. ஒளி எப்படித் திரும்புகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நீ. உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. காலையில் துடைப்பத்தோடு போனால் ஜன்னலுக்குக் கீழே ஒன்று கிடக்கும். மேஸ்திரியை என் கையால் எடுத்துப் புதைத்தேன். கழுத்து துணிபோலத் தொங்கியது. அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு, கோடு, கோடு. கை ஓயும்வரை போட்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் பழம் மாற்ற ஏணியில் ஏறினேன். மாற்றிவிட்டு ஏணியைச் சுமந்து திரும்பும்போது கால் இடறி, ஏணி ஜன்னலில் விழுந்தது. உனக்குப் பிடிக்காத அந்தக் கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டுவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான்.

கண்ணாடிக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து புதியது மாட்டினார்கள். அப்பாவின் கட்டிலை நகர்த்த முடியாது, அவர் முன்னாலேயே வேலை நடந்தது. முடித்துவிட்டுக் கிளம்பும்போது ஒருவன் டப்பாவிலிருந்து சுண்ணாம்பைத் துணியில் தோய்த்து, கண்ணாடி முழுக்கச் சாய்வாக, ஒன்றின் குறுக்கே ஒன்றாக இரண்டு கோடு இழுத்தான்.

"என்னப்பா, புதுக் கண்ணாடிய இப்படிப் பாழாக்குற?"

"வழக்கம்க்கா. கண்ணாடி இருக்கறது தெரியாம யாராச்சும் வந்து முட்டிக்குவாங்க. அதுக்குத்தான். ரெண்டு நாள் போனா நீங்களே தொடச்சிருங்க."

எனக்குக் கை சும்மா இருக்காது, உனக்குத்தான் தெரியுமே. அவர்கள் தெரு முனை தாண்டவில்லை, ஈரத் துணியோடு போய்விட்டேன். கட்டிலைத் தாண்டும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கையில் இன்னும் அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிடித்தபடியே கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, காற்றில் அதே கோட்டைப் போட்டார். கண்ணாடிமேல் இருந்த கோடும் அவர் போட்ட கோடும் ஒன்றுமேல் ஒன்று பொருந்தின. ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

இத்தனை மாதமாக அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். 'ஒரு கோடு போடேன், அதுகள் முட்டிக்கொள்கின்றன.' அதைக் கேட்டுக் கேட்டு நான் துடைத்துத் துடைத்துக் கொன்றிருக்கிறேன். வேலை நடக்கிற இடத்துக்கு என்னை அவர் கூட்டிக்கொண்டு போனதே இல்லை. வாளி தூக்கியவன் நீ.

இப்போது ஜன்னல் முழுக்கக் கோடுகளாகக் குழைத்துப் பூசி வைத்திருக்கிறேன். தட்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. எச்சத்தைத் தினம் கழுவிவிடுகிறேன், போதும். அதன்பிறகு ஒன்றுகூட மோதவில்லை. அப்பா கையைத் தூக்குவதும் நின்றுவிட்டது.

அன்றைக்கு உன் முதுகுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடிதானே இருந்தது? யோசித்துப் பார். யோசித்துவிட்டுக் கிளம்பி வா. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்று என்னிடம் தனியாகப் பேசினார். எத்தனை குடும்பத்திடம் நானே அப்படி வாசலில் நின்று பேசியிருக்கிறேன்.

தங்கை


மார்ச் 15

சின்னவளுக்கு,

கதை நன்றாக இருக்கிறது. என்னை வரவழைப்பதற்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்.

சுண்ணாம்புக் கோடு எனக்குத் தெரியாததா? இந்தக் கையால் எத்தனை கட்டடங்களில் போட்டிருக்கிறேன். ஒரு கோடு கோணினால் "அழிச்சுப் போடுடா, பாக்கறவன் சிரிப்பான்" என்று ஆட்களுக்கு முன்னால் சொல்வார். கண்ணாடியில் போட்டால் அது கண்ணாடிக்கு. ஒரு மனிதன் முகத்துக்கு நேரே போட்டால் அது அந்த மனிதனுக்கு. உன் ஏணியும் உன் பறவைகளும் அதை மாற்றிவிடாது.

ஒருவேளை நீ சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்வோம். அது இன்னும் மோசம். எங்கோ பறந்து வந்து தினை தின்கிற ஒன்று அடிபடக்கூடாது என்று, நாக்கும் கையும் போன பிறகும் அவருக்குப் பதறுகிறது. நான் முட்டிக்கொண்டு விழுந்தபோதெல்லாம் அவர் ஒரு கோடும் போட்டுவைக்கவில்லையே. பட்டமளிப்பு விழா முடிந்து வந்தவனிடம் என்ன சொன்னார் தெரியுமா? "கீறல் எப்படி விழுந்துச்சுன்னே தெரியலடா." எனக்கு அன்று கிடைத்த வாழ்த்து அது. அந்தக் கண்ணாடி உடைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

வரமாட்டேன். வந்து உட்கார்ந்து, அவர் கை தூக்குவாரா மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. இதையும் அவருக்குப் படித்துக் காட்டு. தாண்டாமல் படி.

இப்படிக்கு,
உன் அண்ணன்


மார்ச் 30

அப்பா போய்விட்டார். போன ஞாயிறு, மத்தியானம். போனை நீ எடுக்கவில்லை. தையல்கார அக்கா அவள் போனிலிருந்து அடித்தாள், அதையும் எடுக்கவில்லை. கல்லூரிக்கு அடித்தால் விடுமுறை. எதிர்வீட்டு அக்காவின் கணவரும் தெருவில் இருந்தவர்களும் தூக்கினார்கள். பெரியவன் எங்கே என்று கேட்டவர்களிடம், ரயில் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

உன் கடைசிக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தாண்டாமல் படிக்கச் சொல்லியிருந்தாய். எப்போதும்போலத் தாண்டித்தான் படிக்க நினைத்தேன். தாண்டிப் பார்த்தால் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அவர் காதைக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தார். உன் தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நானே ஒரு கடிதம் சொன்னேன். "அப்பா, அன்றைக்கு நீங்கள் எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத்தான் சொன்னீர்கள் என்று புரிந்துவிட்டது. சனிக்கிழமை வருகிறேன். இப்படிக்கு, உங்கள் பெரியவன்" என்று படித்தேன். பதவி போடவில்லை.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். அதன்பிறகு அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. மாப்பிள்ளை வந்து அவ்வளவு கத்தியும் திரும்பவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளி முழுக்க. சனி முழுக்க. தெருவில் ஆட்டோ நின்றால் தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்ப்பார். "ரயில் லேட்டாம்ப்பா" என்றேன். "வந்துருவான்ப்பா" என்றேன். அவர் கடைசியாகப் பார்த்தது பறவைகளை இல்லை. யாரும் வராத ஒரு கதவை.

இதில் பாதி என் தப்பு. அந்தப் பாதியை நான் சுமந்துகொள்கிறேன்.

இனி நீ எழுதவேண்டாம். அனுப்புநர் இடத்தில் உன் பெயரோ, உறைமேல் உன் கையெழுத்தோ பார்த்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன். அடுத்த மாதம் வார்டில் சேருகிறேன். வந்தவர்கள் எல்லாரும் "ஏம்மா, ஜன்னல் இப்படி இருக்கே, தொடைக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். துடைக்கமாட்டேன்.


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

உறைமேல் முகவரியைக் கல்லூரி வாசலில் இருக்கும் கடையில் அச்சடித்து வாங்கியிருக்கிறேன். அனுப்புநர் இடம் காலி. மின்சார அலுவலகக் கடிதம் என்று நினைத்தாவது பிரிப்பாய். பிரித்துவிட்டால், இதுவரை படித்தவள் மீதியையும் படித்துவிடு. நீளமில்லை.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும். விழாவுக்கு வராதது வராததுதான். வெந்த விரல் வெந்ததுதான். அவற்றை நான் விடவில்லை, விடவும் மாட்டேன் போலிருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் உன்னிடம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. வேறு யாரிடமும் கேட்க முடியாது.

சனிக்கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் ஒலியைப் பற்றிய கேள்விக்கு ஏதேதோ எழுதியிருந்தான். குறுக்கே கோடு போடப் போனவன், பேனாவை வைத்துவிட்டேன். அன்றைக்குக் கேட்ட சத்தம் ஞாபகம் வந்தது. சமையலறையில் நீ எதையோ போட்டாய் என்று எழுதியிருந்தேன். பாத்திரம் விழுந்தால் உருளும். சத்தம் நீளும். அது நீளவில்லை. தொப்பென்று ஒன்று, அதற்குப் பின் ஒன்றுமில்லை. அதோடு, சமையலறை எனக்கு இடது கைப் பக்கம். சத்தம் அங்கிருந்து வரவில்லை. முதுகில் லேசாக ஓர் அதிர்வு இருந்தது. நாற்காலியின் முதுகு ஜன்னல் சட்டத்தில் சாய்ந்திருந்தது.

நீ பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். எழுதியிருந்தாய். பிப்ரவரியிலேயே எழுதியிருந்தாய், நான் படித்தேன், பதிலும் போட்டேன். வீட்டில் நானும் அவரும்தான் இருந்தோம்.

முதலில் சத்தம். பிறகு அவர் கண் திறந்தார். பிறகு கை. என்னைப் பார்த்தார் என்றும் எழுதியிருந்தேன். இப்போது நினைத்தால் அதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்திருக்கலாம். நான் திரும்பிப் பார்த்திருந்தால், மோதியது ஜன்னலுக்குக் கீழே கிடந்திருக்கும்.

உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். நான் போன பிறகு, பாலோடு தெருவைப் பார்த்து நின்றாயே, அதற்கப்புறம் எப்போதாவது பின்பக்கம் போனாயா? அங்கே ஏதாவது கிடந்ததா? புறாவா? உனக்கு ஞாபகம் இருக்கும். நீ எடுத்துப் புதைத்திருப்பாய். இல்லை என்று சொன்னாலும் சரி, ஆமாம் என்று சொன்னாலும் சரி, ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும், அதுவும் ஒரு பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. நீ படித்தாயே அந்தக் கடிதம், அதில் வேறு என்ன இருந்தது? இரண்டு வரிதான் எழுதியிருந்தாய். அதற்கு நடுவில் ஏதாவது சொல்லியிருப்பாய். சாப்பிட்டீர்களா என்று கேட்டேனா? கை வலிக்கிறதா என்று கேட்டேனா? எத்தனை முயன்றும் அந்தக் கடிதத்தை எனக்கு எழுத வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். உனக்கு அது தாளைப் பார்த்தபடி வாயில் வந்திருக்கிறது.

ஜன்னலைத் துடைக்காதே. மழை பெய்தால் சுண்ணாம்பு கரைந்து ஓடும், புதிதாகக் குழைத்துப் போடு. தண்ணீர் அதிகம் ஊற்றாதே, நீர்த்தால் பிடிக்காது, வடிந்துவிடும். விரலால் போடாதே, வேகும். துணியைக் குச்சியில் சுற்றிக்கொள். வார்டுக்குப் போகிற நாளில் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ.

கீழே அந்த இரண்டு கோட்டைப் போட்டு முடிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அது கண்ணாடி மாட்டியவன் போடுவது. பதவியோடு சேர்த்து 'உன் அண்ணன்' என்று எழுதிப் பார்த்தேன், அதையும் அடித்துவிட்டு இந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினேன். நான் எழுதாத கடிதத்தின் அடியில் என் பெயரைச் சொல்லிப் படித்தாய், அவர் நம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பெயரை எடுத்து இதன் கீழே வைக்க எனக்குக் கை வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, இப்படியே ஒட்டித் தபாலில் போடப் போகிறேன்.